வயிறு என்றொரு சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற தவணையில் என்னிடம் வந்து, “சேர், டொக்டராக வரப்போறவனுக்கு இலக்கியம் என்னத்துக்கு?” என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்ட கேள்வியன்று, உண்மையாகவே கேட்டான். தமிழ் படிப்பிக்கும் ஒருவனிடம் அக்கேள்விக்கு ஆயத்தமான விடைகள் பல இருக்கும். சுவையுணர்வு, பண்பாடு, மனவிரிவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அன்று அவற்றில் ஒன்றையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையைத்தான் இன்றைய உரையாக உங்கள் முன் வைக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியாகக் கடமை செய்கிறாள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நீண்ட கடிதம் எழுதுவாள். அக்கடிதங்களில் ஒரு வைத்தியர் அடிக்கடி வருவார். எத்தியோப்பிய நாட்டின் ஒரோமோ இனத்தவர். அகதியாக அந்நகருக்கு வந்து சேர்ந்தவர். தாதியருக்கு நடத்திய வகுப்புகளில் தமது அனுபவங்களை, நோயாளரின் பெயரோ அடையாளமோ வெளிப்படாமல், அவர் சொல்வதுண்டாம். அவரது பெயரும் இவ்வுரைக்குத் தேவையில்லை.

ஒரோமோ மக்கள் யாவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எத்தியோப்பியாவின் இனங்களுள் தொகையால் பெரியது அவர்களுடையது. 2007ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்குக்கும் சற்று அதிகமானோர் ஒரோமோக்கள். அவர்களது மொழி குஷித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இத்துணை பெரிய இனத்தின் மொழிக்குப் பேரரசர் ஹைலி செலாசியின் காலத்தில் பாடசாலையில் இடமில்லை, நீதிமன்றத்தில் இடமில்லை, அச்சகத்தில் இடமில்லை. அம்ஹாரிக் ஒன்றே அரசின் மொழி. ஒரோமோ உழவன் ஒருவன் தன் காணி வழக்கைத் தான் பிறந்த மண்ணின் நீதிமன்றத்திலேயே மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டுதான் பேச வேண்டியிருந்தது.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. ஒரோமோ மொழியிலும் குறில் நெடில் வேறுபாடு பொருளை மாற்றும். ‘லஃப’ என்றால் நிலம். ‘லாஃபா’ என்றால் மென்மையானது. மெய் ஒற்றாக இரட்டித்தாலும் பொருள் மாறிவிடும். கெட்டது என்று பொருள்படும் சொல்லில் ஒரு மெய் இரட்டித்தால் அது மேட்டுநிலம் என்றாகிவிடும். கல்லுக்கும் காலுக்கும், பாடுக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலாம் வகுப்பிலேயே படித்த நமக்கு இது புதிதன்று. ஆனால் எத்தியோப்பிய வரிவடிவம் மெய் இரட்டிப்பதைக் காட்டுவதில்லை. ஒரோமோ மொழியின் குறில் நெடில் வரிசைக்கும் அது பொருந்தி வருவதில்லை. 1991இல் இராணுவ ஆட்சி வீழ்ந்தபின், அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதி ஒரோமோ அறிஞரும் பிரமுகரும் கூடி, ‘குபே’ என்று அழைக்கப்படும் இலத்தீன் வரிவடிவத்தை ஏற்றுக்கொண்டமைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

அதற்கு முன்னர் அம்மொழியின் எழுத்து வாழ்வு பெரும்பாலும் அந்நிய மண்ணிலேயே நடந்தது. சிறுவனாக இருந்தபோது அடிமையாகப் பிடிக்கப்பட்டுப் பின் விடுதலை பெற்ற ஒனேசிமோஸ் நெசிப் என்பவர், அவ்வாறே அடிமைத்தளையினின்று மீண்ட அஸ்தெர் கன்னோ என்ற பெண்மணியின் துணையோடு, 1890களில் ஒரோமோ மொழிக்கு அரிச்சுவடி நூலும் விவிலிய மொழிபெயர்ப்பும் ஆக்கித் தந்தார். விவிலியம் 1899இல் அச்சேறியது சுவிற்சர்லாந்திலே. பின்னாளில், 1970களின் முடிவிலும் 1980களிலும் சூடானுக்குத் தப்பிச் சென்ற ஒரோமோ அகதிகளிடையே ஒரோமோ நிவாரணச் சங்கம் இயங்கியபோது, பிள்ளைகள் முகாம்களிலே தாய்மொழியில் படித்தார்கள். அதே சங்கத்தின் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்தவர்களுள் ஒருவர் ட்ரெவர் ட்ரூமன் என்ற ஆங்கிலேயக் குடும்ப வைத்தியர். காயத்துக்கு மருந்து கட்டப் போன அவர், காயம் வந்த கதையைக் கேட்டார். கேட்டதை மறக்க முடியாதவராய், இங்கிலாந்துக்குத் திரும்பியபின் ஒரோமியா ஆதரவுக் குழுவை நடத்தி, கொல்லப்பட்டோர், காணாமற் போனோர், சிறைப்பட்டோர் பற்றிய செய்திகளை ஆண்டுக்கணக்காகத் தொகுத்து வெளியிட்டார். மருந்தும் சாட்சியமும் ஒரே கையிலிருந்து வருவது ஒரோமோ மக்களின் வரலாற்றில் இவ்வாறு ஒரு மரபாகவே ஆயிற்று எனலாம்.

இனி என் மாணவி எழுதிய வைத்தியரிடம் வருவோம். அவர் அடிஸ் அபாபாவில் வைத்தியம் படித்துப் பட்டம் பெற்றவர். 2000களின் முற்பகுதியில், ஆர்ப்பாட்டமொன்றிலே அடிபட்ட மாணவர்களுக்கு இரவில் மருந்து கட்டினார் என்பதற்காகச் சிறைப்பட்டார். விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் கதவைத் திறந்து வெளியே விட்டார்கள். அவர் நைரோபிக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தார்.

மனிதன் எல்லை தாண்டலாம். அவனுடைய பட்டம் தாண்டாது. வேறு நாட்டில் படித்த வைத்தியர் அமெரிக்காவில் தொழில் செய்ய வேண்டுமாயின், பரீட்சைகள் பலவற்றில் மீண்டும் தேற வேண்டும். அதன் பின்னும் பெரும்பாலும் வைத்தியசாலையொன்றில் ஆண்டுக்கணக்கான பயிலுநர் இடமொன்று கிடைக்க வேண்டும். பட்டம் பெற்று வருடங்கள் கடந்தவர்களுக்கு அந்த இடம் இலகுவில் கிடைப்பதில்லை. சத்திரசிகிச்சை செய்த கைகள் வாடகைக்கார் ஓட்டுவதும், முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பதும் அந்நாட்டில் அபூர்வமான காட்சிகளல்ல. இந்த வீண்விரயத்தை உணர்ந்து, குடிபெயர்ந்து வந்த வைத்தியர்களுக்கு உதவுவதற்கென மினசோட்டா மாநிலச் சட்டசபை 2015இல் ஒரு திட்டத்தையே உருவாக்கியது. நம் வைத்தியர் வந்த காலத்தில் அதுவும் இல்லை. அவர் இரவு வேளைகளில் வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார், பகலில் படித்தார்.

அவ்வாறு வேலை செய்த ஓர் இரவில் நடந்தது இது. நடுத்தர வயது ஒரோமோப் பெண்ணொருத்தி வயிற்று வலியென்று நான்காவது தடவையாக வந்திருந்தாள். முன்னைய மூன்று தடவையும், எத்தியோப்பியாவிலிருந்து வந்தவள் என்பதால், தொலைபேசியில் அம்ஹாரிக் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்த அம்ஹாரிக் சந்தையில் சாமான் வாங்கவும், சோதனைச்சாவடியில் பெயர் சொல்லவும் மட்டுமே போதுமானது. “வலி, வயிறு” என்ற இரண்டு சொற்களுக்கு மேல் அவள் பேசவில்லை. இரத்தம் சோதித்தார்கள்; குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள்; ஒரு குறையும் இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

நான்காம் தடவை நம் வைத்தியர் அவளருகே அமர்ந்து, அவளுடைய மொழியில் நலம் விசாரித்தார். அவள் சொன்ன சொல் ‘கரா’. ஒரோமோ மொழியில் ‘கரா’ என்றால் வயிறு. ஆனால் மனமும் அதுதான். துயரமும் பாசமும் தங்கும் இடமும் அதுதான். இரக்கத்துக்கு அம்மொழியில் ‘கர லாஃபின’ என்பார்கள். வயிற்றின் மென்மை என்பது அதன் நேர்ப்பொருள். அவளுடைய மகனை ஓர் இரவில் வீட்டிலிருந்து கொண்டுபோனவர்கள் திரும்பக் கொண்டுவரவில்லை. அன்று தொடங்கிய வலி அது.

மொழிபெயர்ப்பாளரின் கடமை, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. அவள் வயிறு என்றாள். அவரும் வயிறு என்று சொல்லியிருந்தால் குற்றமில்லை. அவரோ கடமையிலிருந்த வைத்தியரிடம், “நான் இப்போது மொழிபெயர்க்கவில்லை, விளக்கம் சொல்ல அனுமதி கேட்கிறேன்” என்றார். “இவள் சொன்ன சொல்லை வயிறு என்று உங்களுக்குச் சொன்னால் சொல் சரியாக இருக்கும், செய்தி பொய்யாகிவிடும்.” அதன் பிறகே அப்பெண் சரியான இடத்துக்குச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாள்.

நேயர்களே, கடிதத்தின் இந்தப் பகுதியை வாசித்தபோது நான் என் தாயாரை நினைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மாமா காலமாகி ஒரு மாதம் ஆகாத நிலையில், அம்மாவை ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. “வயிறு பத்தி எரியுது ஐயா” என்றார் அம்மா. வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் தமிழில் பட்டம் பெற்றவன். அன்றாடம் மாணவருக்கு ஆகுபெயரும் குறிப்புப்பொருளும் கற்பிப்பவன். “வயிற்றில் எரிவாம்” என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். புளிப்புக்குரிய மாத்திரை தந்தார். அந்த வைத்தியரிடம் பிழையில்லை. அம்மாவின் சொல்லைப் பிழையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அம்மா தம் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதபோதுதான் எனக்கு விளங்கிற்று.

வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொன்னார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணை செய்பவன். நான்காமவரை மருந்து எடுத்துக் கொடுக்கும் தாதியென்றே நான் படிப்பித்து வந்தேன். அந்நிய நாட்டு வைத்தியசாலையில், நோயாளியின் சொல்லை எடுத்துக் கொடுப்பவரும் அந்த நான்காமவரே என்று இப்போது எண்ணுகிறேன்.

ஒரோமோ அகதிகளின் துயரம் எத்துணை என்பதற்கு மருத்துவச் சான்று உண்டு. மினசோட்டாவில் வாழும் சோமாலிய, ஒரோமோ அகதிகள் 1134 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2004இல் வெளிவந்தது. இனத்துக்கும் பாலுக்கும் ஏற்ப, நூற்றுக்கு 25 முதல் 69 வரையானோர் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் என்று அது கண்டது. ஆய்வாளர் எதிர்பாராத ஒன்றும் அதிலே தெரிய வந்தது. பெண்களும் ஆண்களைப் போலவே சித்திரவதைப்பட்டிருந்தார்கள். எழுத்தாளர்கள் பட்ட பாடு இதிலே தனிக்கதை. ஒரோமோ மொழிப் பத்திரிகையான ‘பரீசா’வில் எழுதிய மார்த்தா குவே கும்சா 1980இல் சிறைப்பட்டு, விசாரணையே இல்லாமல் 1989 வரை உள்ளே இருந்தார். பின்னர் கனடாவில் அகதியாகி, அங்கு சமூகப்பணிப் பேராசிரியரானார்.

இத்தகையோர் புகலிடம் கோரி அதிகாரிகள் முன் நிற்கும்போது உடலே அவர்களுடைய பத்திரம். அதை வாசிக்க வைத்தியர் வேண்டும். வாசித்ததை எழுத ஒரு மொழி வேண்டும். அந்த மொழியை வகுத்துத் தந்தது 1999இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளிக்கப்பட்ட ‘இஸ்தான்புல் நெறிமுறை’ என்ற கைநூல். தழும்பு ஒன்றைப் பார்க்கும் வைத்தியர், நோயாளி சொல்லும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஐந்து படிகளுள் ஒன்றாகச் சொல்ல வேண்டும். பொருந்தவில்லை, பொருந்துகிறது, ஆனால் வேறு காரணங்களாலும் வந்திருக்கலாம், மிகவும் பொருந்துகிறது, வேறு காரணங்கள் சிலவே, இத்தகைய செயலால் வழக்கமாக வருவது, இதனாலன்றி வேறெதனாலும் வராதது. இதுவே அந்த ஐந்து படி. ‘அவனே’ என்பதற்கும் ‘அவனோ’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை இலக்கண வகுப்பில் நாம் விளக்குகிறோம். அந்தத் தூரத்திலே ஒரு மனிதனின் உயிர் தங்கியிருக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

நம் வைத்தியர் எட்டு ஆண்டுகளின் பின் தொழில் அனுமதி பெற்றார். அதன் பின் இத்தகைய அறிக்கைகள் பல எழுதினார். ஒரு முறை ஓர் இளைஞனின் உடலில் மூன்று தழும்புகள். மணிக்கட்டிலுள்ளது கயிற்றால் கட்டித் தொங்கவிட்டதால் வந்தது என்றான். ‘மிகவும் பொருந்துகிறது’ என்று எழுதினார். முதுகிலுள்ளது தடியடியால் வந்தது என்றான். ‘பொருந்துகிறது, வேறு காரணங்களும் இருக்கலாம்’ என்று எழுதினார். முழங்காலில் இருந்ததைக் கேட்டபோது அவன் சிரித்துவிட்டு, “அது சின்ன வயதில் மாடு மேய்க்கப் போய் விழுந்தது” என்றான். அதையும் அப்படியே எழுதினார்.

சட்டத்தரணிக்கு மனக்குறை. இவர் அதே இனத்தவர், அதே சிறையைக் கண்டவர். இன்னும் சற்று அழுத்தமாக எழுதினால் என்ன? முழங்காலை விட்டுவிட்டால்தான் என்ன? வைத்தியர் சொன்ன பதிலை என் மாணவி அப்படியே எழுதியிருந்தாள். “முழங்காலைப் பற்றி உண்மை சொன்னபடியால்தான் மணிக்கட்டைப் பற்றி நான் சொல்வதை அவர்கள் நம்புவார்கள். ஒரு தழும்பைக் கூட்டிச் சொன்னால் என் மக்களின் தழும்புகள் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகும்.”

தன் மக்களுக்காகப் பேசுவது என்றால் குரலை உயர்த்துவது என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவர் குரலை அளந்தார். துயரப்பட்ட ஓர் இனத்தவனாக இருந்துகொண்டு சொல்லை அளப்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்வுரையைக் கேட்கும் பலர் அறிவீர்கள்.

2016 ஒக்ரோபர் 2ஆம் திகதி, பிஷோஃப்து நகரில் ஒரோமோக்களின் நன்றி நவிலும் திருவிழாவான இரீச்சாவில் பொலிசார் கண்ணீர்ப்புகை வீச, சனம் நெரிந்து பள்ளத்தில் விழுந்து மாண்டது. அரசு 55 பேர் என்றது. எதிர்க்கட்சியினர் பல நூறு என்றார்கள். அன்று மினியாபொலிஸில் ஒரோமோ வீடு எதிலும் உறக்கமில்லை. வைத்தியர் அவர்களுடைய சமூக மண்டபத்தில் விடியும்வரை இருந்தாராம். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து சொன்ன பெயர்களை எழுதிக்கொண்டார். கண்டவர் சொன்னது ஒரு பக்கம், கேள்விப்பட்டவர் சொன்னது இன்னொரு பக்கம்.

கடைசியாக ஒன்று. 2020 ஜூன் 29ஆம் திகதி, ஒரோமோ மக்களின் அன்புக்குரிய பாடகர் ஹச்சாலு ஹுந்தேசா அடிஸ் அபாபாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையடுத்த நாட்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். படையினரின் துப்பாக்கிக்கு ஒரோமோக்கள் இரையாயினர். ஒரோமியாவின் ஊர்கள் சிலவற்றில் கும்பல்களின் கையில் அம்ஹாரா மக்களும் ஏனையோரும் உயிரையும் வீடுகளையும் இழந்தனர். அவ்வாறு அண்ணன் குடும்பத்தைப் பறிகொடுத்த அம்ஹாரா முதியவர் ஒருவர் சில மாதங்களின் பின் நம் வைத்தியரிடம் அனுப்பப்பட்டார். வைத்தியரின் பெயரைக் கேட்டதும் இன்னார் என்று முதியவருக்கு விளங்கிற்று. முதியவர் வாய் திறந்ததும், தம்மைச் சிறையில் விசாரித்தவர்களின் மொழி வைத்தியரின் காதில் விழுந்தது. இருவரும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள்.

பிறகு வைத்தியர் அம்ஹாரிக் மொழியில், “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டார். முதியவர் சொன்ன சொல் ‘ஹொட்’. அம்ஹாரிக்கில் அதற்கும் வயிறு என்றுதான் பொருள். துக்கம் வந்து நிறையும் இடமும் அதுதான். வைத்தியர் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. கதிரையைச் சற்றுக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, “யாரை இழந்தீர்கள்?” என்று கேட்டார்.

இக்கதையைத் தாதியருக்குச் சொன்னபோது, “அந்த மொழியை நான் இருபது வருடமாக வெறுத்தேன். அதற்கும் ஒரு வயிறு இருக்கிறது என்று அன்றுதான் காதில் விழுந்தது” என்றாராம்.

நேயர்களே, அகதிகளின் மொழிக்கு இன்னும் முழுமையான விடிவு வந்துவிட்டதென்று சொல்ல முடியாது. பாடசாலையிலும் அச்சிலும் ஒரோமோ மொழி இப்போது நன்றாகவே வாழ்கிறது. அம்மொழி பேசும் பிரதேசத்தில் அமைதி வாழவில்லை. வைத்தியர்கள் செய்யக்கூடியது சிறிது. நோயாளியின் சொல்லைக் கேட்டு, அதன் பொருளறிந்து, கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைப்பது அந்தச் சிறிதில் ஒன்று. இலக்கியம் படித்தவனிடமும் எதிர்பார்க்கப்படுவது வேறொன்றில்லை.

டொக்டராக வரப்போகும் அந்த மாணவனுக்கு அடுத்த தவணையில் இக்கதையைச் சொல்வேன். அவனிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவன் கடமை ஏற்றாலும், ஒரு தாய் எதிரே வந்து அமர்ந்து “வயிறு பத்தி எரியுது ஐயா” என்று சொன்னால், மாத்திரைத் துண்டு எழுதுமுன், எப்போதிருந்து என்று அவன் ஒருமுறை கேட்க வேண்டும். என் அம்மாவிடம் அதை நான் கேட்கவில்லை.